பழைய கணிப்பொறிக்குப் பழைய இயக்க அமைப்பு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, சாரணியர் அணி)

சென்ற ஜூலைத் திங்களின் இரண்டாம் சனிக்கிழமையன்று, எங்கள் பள்ளிச் சாரணியர் ஒன்பது பேரும், சிஸ்டரும், கணிப்பொறி ஆசிரியையும் செண்பகத்தோப்புக்குச் சென்றோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் இவ்விடத்தை நம் பள்ளியில் அறியாதவர் இலர். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சரணாலயம் இங்குதான் உள்ளது. 2021-இல் அது மேகமலையோடு சேர்க்கப்பட்டுப் புலிகள் காப்பகம் ஆயிற்று. வனத்துறையின் அனுமதி பெற்று, பாதையோரம் கிடக்கும் நெகிழிப் பைகளையும் பாட்டில்களையும் பொறுக்குவதே அன்று எங்கள் பணி. பதினோரு சாக்குகள் நிறைந்தன.

ஆனால் தோழியரே, நாங்கள் எழுத வந்தது அணிலைப் பற்றியும் அன்று, சாக்கைப் பற்றியும் அன்று. பணி முடிந்து பளியர் குடியிருப்பின் அருகே தண்ணீர் குடிக்க அமர்ந்தபோது, ஓர் அக்காவைச் சந்தித்தோம். 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்து மாலைநேரத்தில் பாடம் சொல்லித் தந்தவர் அவர். இன்றும் தம் வீட்டுத் திண்ணையில் பதினான்கு சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறார். எங்களுடன் வந்திருப்பவர் கணிப்பொறி ஆசிரியை என்று தெரிந்ததும், உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். பைக்குள் ஒரு மடிக்கணிப்பொறி. 2012-இல் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு இலவசமாகக் கொடுத்ததாம். மின் இணைப்புக் கொடுத்து அழுத்தினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்து நின்றது. ‘பூட் எம்.ஜி.ஆர். இஸ் மிஸ்ஸிங்.’

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த பாட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எம்.ஜி.ஆரைக் காணவில்லையாம் என்று ஒருத்தி சொன்னாள். “அவரு போயி எத்தனையோ வருசமாச்சே, இப்பத்தான் இது தேடுதாக்கும்?” என்றார் பாட்டி. ஆசிரியையும் சிரித்து விட்டுத்தான் விளக்கினார். அது ‘பூட் மேனேஜர்’ என்பதன் சுருக்கம். விண்டோஸ் எழும்புவதற்கு வேண்டிய சிறு கோப்பு ஒன்று கெட்டுப் போயிருக்கிறது அல்லது தொலைந்திருக்கிறது என்பதே அந்த வரியின் பொருள்.

பள்ளிக்கு எடுத்துச் சென்று சரி செய்து தருகிறோம் என்றார் ஆசிரியை. அக்கா தயங்கினார். முன்பு ஒரு கடையில் காட்டியபோது, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் புதிதாகப் போட முடியும் என்றார்களாம். அதனால் திரும்ப எடுத்து வந்து விட்டார்.

“இத மட்டும் கொண்டுபோக வேண்டாம் டீச்சர். அம்மா இதுக்குள்ளதான் இருக்காக.”

அவர் தாயார் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தாயாரின் படங்கள் எல்லாம் ஒரு பழைய கைபேசியில் எடுத்து இந்தக் கணிப்பொறியில் ஏற்றியவை. கைபேசி எப்போதோ போய்விட்டது. அச்சிட்ட படம் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குச் சிரிப்பு நின்று விட்டது.

கணிப்பொறி செண்பகத்தோப்பை விட்டு வராது. அந்த வீட்டுத் திண்ணையிலோ கைபேசிக்குக் குறியீடு கிடைப்பதில்லை, ஆகவே இணையமும் இல்லை. வேண்டிய அனைத்தையும் நாங்களே சட்டைப்பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அப்படி எடுத்துச் செல்லத் தகுந்த பொருள் பென்டிரைவ்தான். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

முதலில் அந்தக் கணிப்பொறியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணா பிறந்த நாளில் தொடங்கியது. எல்காட் நிறுவனம் அவற்றைக் கொள்முதல் செய்தது. நம் அக்காமார்கள், சித்திமார்கள் பலர் வீட்டில் அந்தப் பெட்டி இன்னும் பரணில் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் இரண்டு இயக்க அமைப்புகள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று போஸ் லினக்ஸ். இந்தப் போஸ் நம் நாட்டிலேயே உருவானது. ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பது அதன் விரிவு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு ஆக்கி, 2007-இல் வெளியிட்டனர். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் அது பேசும். ஆயினும் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை! அக்காவின் கணிப்பொறியிலும் இடம் வேண்டும் என்று உறவினர் ஒருவர் போஸை முன்பே நீக்கி விட்டிருந்தார். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோ ஒரு கஞ்சப் பிறவி. இரண்டு ஜி.பி.க்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது, திரையின் பின்னணிப் படத்தை மாற்றக்கூட விடாது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களையும் மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் நிறுத்தி விட்டது.

கெட்டுப்போன அந்த ஒரு கோப்பை மட்டும் சரி செய்யவும் வழி உண்டு என்றார் ஆசிரியை. அதற்கு விண்டோஸ் 7-இன் வட்டு வேண்டும். யாரிடமாவது திருட்டுப் பிரதி கிடைக்குமே என்று எங்களில் ஒருத்தி வாய் தவறிச் சொல்ல, சிஸ்டர் பார்த்த பார்வையில் பேச்சு அங்கேயே முடிந்தது. லினக்ஸ் வகைகளை யாரும் விலையின்றிப் பெறலாம், பிறருக்குப் படியெடுத்தும் தரலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. எனவே லினக்ஸ் என்று முடிவாயிற்று.

எந்த லினக்ஸ்? புதியதே சிறந்தது என்று நாங்கள் நினைத்தோம். அங்கேதான் முதல் பாடம் காத்திருந்தது. அக்காவின் கணிப்பொறியில் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. இன்று வரும் இயக்க அமைப்புகள் பெரும்பாலும் 64 பிட் முறையில் ஆனவை. பழையவை 32 பிட் முறை. 32 பிட்டில் எழுதக்கூடிய நினைவக முகவரிகள் 4,29,49,67,296. ஒரு முகவரிக்கு ஒரு பைட் என்றால் மொத்தம் 4 ஜி.பி. ஆகிறது. அதற்கு மேல் நினைவகம் உள்ள பொறிகளுக்கு 64 பிட் தேவை. இரண்டே ஜி.பி. உள்ள பொறிக்கு அந்த நீண்ட முகவரிகள் வீண் சுமை. ஒரு தெருவே உள்ள ஊரில் வீட்டு எண்ணைப் பத்து இலக்கத்தில் எழுதுவது போல, எழுதும் இடம்தான் செலவாகும்.

டெபியன் அமைப்பை 1993-இல் தொடங்கியவர் இயன் மர்டாக். அதன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ திரைப்படத்துப் பொம்மைகளின் பெயர்களை வைப்பது வழக்கம். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவும் வட்டே கிடையாது. ஆகவே நாங்கள் பின்னோக்கி நடந்தோம். 2021 ஆகஸ்டு 14-இல் வெளியான 11-ஆம் பதிப்பின் 32 பிட் வட்டு, சிறிய பொறிக்கேற்ற எல்.எக்ஸ்.டி.ஈ. என்னும் முகப்புடன் கிடைத்தது. அதன் பெயர் புல்ஸ்ஐ, கதையில் வரும் குதிரைப் பொம்மை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் குறிக்கப்பட்ட இறுதி நாள் 2026 ஆகஸ்டு 31. பழையது அல்லவா, ஆபத்தில்லையா என்று கேட்டோம். இணையத்தில் உலாவும் பொறிக்கு ஆபத்துதான், வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் அப்படிச் செய்யவே கூடாது என்றார் ஆசிரியை. திண்ணையில் அமர்ந்து கணக்கும் எழுத்தும் பழகும் சிறுவர்களுக்கு, இணையமே எட்டாத இடத்தில், அது போதும். இந்த நிபந்தனையை மறந்துவிட்டு எங்கள் கட்டுரையைப் பின்பற்ற வேண்டாம் என்று தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பள்ளிக் கணிப்பொறி அறையில் அந்த வட்டின் பிம்பக் கோப்பை இறக்கினோம். ஒரு முழு வட்டில் உள்ளதை ஒரே கோப்பாகச் சுருட்டி வைத்திருப்பதே பிம்பக் கோப்பு, இரண்டு ஜி.பி.க்கும் மேல் இருந்தது. பாதியில் இணைப்பு அறுந்து மீண்டும் தொடர்ந்ததால் முழுமையாக வந்ததா என்ற ஐயம் எழுந்தது. அதைச் சோதிக்க ஓர் அருமையான வழி உண்டு. கோப்பிலுள்ள ஒவ்வொரு பிட்டையும் கணக்கில் எடுத்து, 64 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரையைக் கணிப்பொறி உருவாக்கும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முத்திரை அடியோடு மாறிவிடும். வெளியிட்டவர்கள் தந்த முத்திரையோடு அதை ஒப்பிட வேண்டும். ஒருத்தி உரக்கப் படிக்க ஒருத்தி சரிபார்த்தோம். நான்காவது எழுத்திலேயே வேறுபட்டது. மறுபடி இறக்கினோம், இம்முறை 64-உம் ஒத்தன. (கணிப்பொறியையே ஒப்பிடச் சொல்லலாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆயினும் உரக்கப் படித்ததில் ஒரு மகிழ்ச்சி இருந்தது.)

அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் படியெடுத்துக் கொண்டு, அடுத்த சனிக்கிழமை பெருமையோடு செண்பகத்தோப்புக்குப் போனோம். அன்று ஆசிரியைக்கு வேறு பணி இருந்ததால் சிஸ்டர் மட்டும் உடன் வந்தார். பென்டிரைவைச் செருகி அழுத்தினோம். மீண்டும் எம்.ஜி.ஆரைக் காணவில்லை. எடுத்துத் துடைத்து மறுபுறத் துளையில் செருகினோம். காணவில்லை. பதினான்கு சிறுவர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். அக்கா காப்பி கொடுத்து, “பரவால்ல பாப்பா, அது அப்பிடித்தான்” என்று எங்களைத் தேற்றியது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஏன் நடக்கவில்லை? திங்களன்று ஆசிரியை கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். கணிப்பொறி எதைச் செய்யவும் நிரல் வேண்டும். நிரலை வன்தட்டிலிருந்து நினைவகத்தில் ஏற்றுவதும் ஒரு வேலைதானே? அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அதை யார் ஏற்றுவது? தன் காலணியின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்ள முயலும் மனிதனைப் போன்ற சிக்கல் இது. அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ‘பூட்’ என்று பெயர் வந்தது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் பயாஸ் என்னும் சிறு நிரலை நிலையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் அது விழித்து, விசைப்பலகை, நினைவகம் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு சேமிப்புக் கருவியாகத் தட்டிப் பார்க்கிறது. கருவியின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கிறது. அவற்றில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணைக்கு, கடைசி இரண்டு பைட்டுகள் அடையாளக் குறிக்கு. அந்த இரண்டும் பதினாறடிமான எண்களில் 55, ஏ.ஏ. என்று இருந்தால் அங்குள்ள நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இல்லாவிட்டால் அடுத்த கருவிக்குப் போகிறது. (அண்மைக் காலப் பொறிகளில் பயாஸுக்குப் பதில் யூ.இ.எஃப்.ஐ. என்ற வேறு முறை உள்ளது. அக்காவின் பொறி பழையது.)

பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது, முதல் 512 பைட்டுகள்தான் அதற்குத் தெரியும். நாங்கள் செய்தது கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, முகவரியையும் பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்தது போன்றது. அஞ்சல்காரர் வெளியே பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிம்பக் கோப்பை ஒரு கோப்பாகப் படியெடுக்காமல், அதன் முதல் பைட் பென்டிரைவின் முதல் பைட்டாக அமையும்படி சுருளை விரித்து எழுத வேண்டும். அதற்கென்றே ரூஃபஸ் முதலிய மென்பொருள்கள் உள்ளன.

பாடம் புரிந்த உற்சாகத்தில், கையில் இருந்த 8 ஜி.பி. பென்டிரைவை அப்போதே செருகி எழுதத் தொடங்கினோம். திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தினோம். ஐந்தே நிமிடத்தில் எழுதி முடிந்தது. அது எங்கள் தோழி ஒருத்தியின் பென்டிரைவ். அதில் ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனபோது எடுத்த படங்கள் அனைத்தும் இருந்தன. முதல் பைட்டிலிருந்து எழுதுவது என்றால் அங்கு முன்பிருந்ததன் மேல் எழுதுவது என்று பொருள். அவள் எங்களைத் திட்டவில்லை. இரண்டு நாட்கள் பேசவில்லை, அவ்வளவுதான். வேறு யாரிடமும் அந்தப் படங்கள் இல்லை.

இதை இங்கே எழுத வேண்டாம் என்று எங்களுக்குள் சிலர் சொன்னார்கள். அவளே எழுதச் சொன்னாள். ஏனெனில், அடுத்த பயணத்தில் அக்காவின் வன்தட்டைத் தொடுமுன் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்க்க வைத்தவள் அவள்தான்.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை, மூன்றாம் முறை. இம்முறை ஆசிரியையும் வந்தார். எங்களிடம் எழுதி முடித்த பென்டிரைவ் ஒன்று, வெறுமையான 32 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று, ஆசிரியையின் சொந்த மடிக்கணிப்பொறி, ஒரு மின்நீட்டிப் பலகை. மலை மேல் மேகம் கட்டியிருந்தது. அக்காவின் பொறியில் மின்கலம் முன்பே செத்துவிட்டபடியால், மின்சாரம் போனால் அதே நொடியில் அணைந்துவிடும்.

பொறியை அழுத்தியவுடன் ஒரு குறிப்பிட்ட விசையைத் தட்டி, எந்தக் கருவியைப் பயாஸ் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எஃப்2, எஃப்12, எஸ்கேப் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம், எஃப்12-இல் பட்டியல் வந்தது. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தோம். எம்.ஜி.ஆர். வரி வரவில்லை! பெயர்ப் பட்டியல் போலச் சரசரவென்று எழுத்துகள் ஓடின. மூன்று நிமிடங்களில் ஒரு முகப்பு தோன்றியது. சிறுவர்கள் கை தட்டினார்கள்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். அதுவரை நாங்கள் வன்தட்டில் எதையும் எழுதவில்லை. இந்த வகை வட்டில் இயக்க அமைப்பு பென்டிரைவிலிருந்தே நேராக நினைவகத்தில் எழுந்து வேலை செய்யும். வன்தட்டைக் கழற்றி வைத்தாலும் அது ஓடும். எனவே கெட்டுப்போன விண்டோஸின் உதவி இல்லாமலே உள்ளே இருக்கும் கோப்புகளைப் பார்க்கலாம். அழித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று கடையில் சொன்னது பாதி உண்மைதான். அழிப்பதற்கு முன் எடுத்துக் கொள்ளலாம் என்ற மறுபாதியை அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆசிரியை வன்தட்டை ‘படிக்க மட்டும்’ என்னும் முறையில் திறந்தார். அப்படித் திறந்தால் தவறிக்கூட எதுவும் எழுதப்படாது. பல கோப்புறைகளுக்கு இடையே ‘அம்மா’ என்று ஒன்று இருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து நின்று கொண்டிருந்தார், அருகே வரவில்லை. உள்ளே 214 படங்கள். 32 ஜி.பி. பென்டிரைவுக்கு அவற்றைப் படியெடுக்கச் சொன்னோம். 140-க்கு மேல் போனதும் பொறி திணறியது. வன்தட்டில் ஏதோ ஓர் இடம் தேய்ந்து போயிருக்க வேண்டும், படிக்க முடியவில்லை என்று அறிவித்தது. அந்தப் படத்தைத் தாண்டித் தொடர்ந்தோம். முடிவில் 211 வந்தன, மூன்று வரவில்லை. அந்த மூன்றையும் திரும்பத் திரும்ப முயன்றோம். ஆசிரியை, போதும், தேய்ந்த தட்டை மேலும் சுழற்றினால் மற்றவற்றுக்கும் கேடு என்றார்.

தோழி விடவில்லை. பென்டிரைவைக் கழற்றி ஆசிரியையின் பொறியில் செருகி, 211-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பின் அங்கேயும் ஒரு படி எடுக்கச் செய்தாள். அப்போதுதான் அக்கா வந்து குனிந்து பார்த்தார். ஒரு படத்தில் அவர் தாயார் இதே திண்ணையில் புளி உரித்துக் கொண்டு, படம் எடுப்பவரை வேண்டாம் என்று கையால் தடுக்கிறார். அக்கா அதையே வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். நாங்கள் சிறுவர்களை அழைத்துக்கொண்டு சற்று வெளியே போனோம்.

பிறகுதான் நிறுவும் வேலை. பொறியை அணைத்து, மறுபடி பென்டிரைவிலிருந்து எழுப்பி, இம்முறை நிறுவியைத் தேர்ந்தெடுத்தோம். முதலில் எந்த மொழி என்று கேட்கும். பட்டியலில் தமிழ் இருந்தது! படவடிவ நிறுவியில் மட்டும் தமிழ் எழுத்து வரும், எழுத்துவடிவ நிறுவியில் வராது. சில கலைச்சொற்கள் எங்களுக்கே விளங்கவில்லை, இரண்டு முறை படித்துப் புரிந்து கொண்டோம். ஆனாலும் ஆங்கிலத்துக்கு மாற்றவில்லை.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்பட்டது வட்டைப் பிரிக்கும் இடத்தில். நிறுவிக்கு வன்தட்டும் பென்டிரைவும் இரண்டும் வட்டுகளே. ஒன்றை எஸ்.டி.ஏ. என்றும் மற்றதை எஸ்.டி.பி. என்றும் காட்டும். பெயரை நம்பக்கூடாது, அளவைப் பார்க்க வேண்டும். 320 ஜி.பி. என்று காட்டியது வன்தட்டு, 8 ஜி.பி.யை ஒட்டிக் காட்டியது பென்டிரைவ். (இதே 320 ஜி.பி. தட்டை விண்டோஸ் 298 என்றே காட்டும். விற்பவர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.) ஒருத்தி அளவைப் படித்தாள், இன்னொருத்தி சரி என்றாள், தோழி மூன்றாவதாகப் பார்த்த பிறகே அழுத்தினோம். பழைய விண்டோஸை நீக்கி முழுத் தட்டையும் பயன்படுத்தச் சொன்னோம். அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான்.

கோப்புகள் ஏறிக் கொண்டிருந்தபோது, 40 விழுக்காடு தாண்டியிருக்கும், மின்சாரம் போய்விட்டது! திரை இருண்டது. சிறுவர்கள் ‘ஓ’ என்றார்கள். எங்கள் முகங்களைப் பார்த்து ஆசிரியை, என்ன தொலைந்தது, சொல்லுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தொலையவில்லை. படங்கள் வெளியே இரண்டு இடங்களில் இருக்கின்றன. நிறுவும் பென்டிரைவிலிருந்து படிக்கப்படுகிறதே தவிர அதில் எதுவும் எழுதப்படுவதில்லை, ஆகவே அதற்கும் கேடில்லை. அரைகுறையாக நிற்பது வன்தட்டு மட்டுமே. மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. அதற்குள் அக்கா வீட்டு மரவள்ளிக் கிழங்கு அவிந்து தட்டுக்கு வந்திருந்தது.

இரண்டாம் முறை இடையூறின்றி ஓடியது. இறுதியில், தொடக்க நிரலை எந்த வட்டில் எழுதட்டும் என்று கேட்கும். இங்கு தவறிப் பென்டிரைவைக் காட்டினால், பிறகு அந்தப் பென்டிரைவ் செருகினால்தான் பொறி எழும்பும். மறுபடியும் மூவராகப் பார்த்து வன்தட்டையே காட்டினோம். பென்டிரைவைக் கழற்றச் சொன்னது, கழற்றினோம். பொறி தானாக அணைந்து, தானாக எழுந்தது. காலணி வாரைத் தானே இழுத்துக் கொண்டது.

சிறுவர்களுக்கான ஜிகாம்பிரி என்னும் விளையாட்டுக் கல்வி மென்பொருளை ஏற்றுவதுதான் எதிர்பாராத தொல்லை கொடுத்தது. லினக்ஸில் ஒரு மென்பொருள் மற்றும் பல சிறு மென்பொருள்களைச் சார்ந்திருக்கும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் நான்கு பேரைக் கூட்டி வருவது போல. இணையம் இருந்தால் எல்லோரும் தாமே வந்துவிடுவார்கள். இங்கே நாங்கள்தான் அழைத்து வந்தாக வேண்டும். நல்லவேளையாக ஆசிரியை முன்பே பள்ளியில் ஒரு பொறியில் அதே பதிப்பை நிறுவி, அதே மென்பொருளை ஏற்றி, அப்போது இறங்கிய கோப்புகள் அத்தனையையும் ஒரு கோப்புறையில் எடுத்து வைத்திருந்தார். பதிப்பு ஒன்றே என்பதால் அவை அப்படியே பொருந்தின.

மாலை ஐந்து மணிக்கு அந்தப் பதினான்கு பேரும் வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று விளையாடினார்கள். ஒரு சிறுவன் மட்டும் விளையாட்டை விட்டுவிட்டு விசைப்பலகையில் தன் பெயரைத் தேடித் தேடித் தமிழில் தட்டினான், நான்கு எழுத்துக்கு நான்கு நிமிடம். அக்காவிடம் இரண்டு செய்திகள் சொன்னோம். தேய்ந்த தட்டை நம்பி எதையும் அதில் மட்டும் வைக்கக் கூடாது. எந்தக் கைபேசி வழியாகவும் அதை இணையத்தில் இணைக்கக் கூடாது. இரண்டையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.

மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் அந்தப் புளி உரிக்கும் படத்தை அச்சிட்டோம். செலவை ஒன்பது பேரும் பங்கிட்டுக் கொண்டோம். சிஸ்டர் சட்டம் போட்டுக் கொடுத்தார். அதை அக்காவிடம் கொடுக்கப் போனபோது கணிப்பொறி திண்ணையில் திறந்திருந்தது, இரண்டு சிறுமிகள் கூட்டல் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாகவே ஓடியது. திரையின் மூலையில் கடிகாரம் மட்டும் 2012 ஜனவரி முதல் நாள் என்று காட்டியது. தாய்ப்பலகையில் நாளையும் நேரத்தையும் காத்து வைக்கும் நாணய அளவு மின்கலமும் தீர்ந்துவிட்டதாம். அதனால் மின்சாரம் போகும்போதெல்லாம் அந்தப் பொறிக்கு 2012 பிறந்து விடுகிறது. அக்கா அதை மாற்ற வேண்டாம் என்கிறார். ஆசிரியை மாற்றத்தான் வேண்டும் என்கிறார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று வோல்ட் மின்கலம் ஒன்றும், சிறிய திருப்புளி ஒன்றும் எடுத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போகிறோம்.